போனில் குறையில்லாமல் பாடும் புளூடூத் ஹெட்போன், லேப்டாப்பில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஹெட்போன் போனோடு ஒழுங்காக ஓடுகிறது. லேப்டாப்பில் சில நாள் தானாகவே கனெக்ட் ஆகிறது, சில நாள் எத்தனை தடவை அழுத்தினாலும் ஆவதில்லை. லிஸ்டிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி பேரிங் செய்தால் அன்றைக்குச் சரி. கனெக்ட் ஆன நாளிலும், மீட்டிங்கில் நுழைந்தவுடன் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. பாட்டு கேட்கும்போது நடுநடுவே விட்டுவிட்டு வருகிறது. லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு (லினக்ஸ் வகை) என்று இரண்டு ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், இருக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு வரி. கடைசியாக, “ஹெட்போன் போய்விட்டதா, புதுசு வாங்கணுமா?”

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பது மூன்று தனித்தனிச் சங்கதிகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. மீட்டிங்கில் சத்தம் கெடுவது கோளாறே இல்லை, புளூடூத் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இதை உறுதியாகச் சொல்லலாம். சில நாள் சேருவதும் சில நாள் சேராததும் அந்த இரண்டு ஓஎஸ்ஸால்தான் என்பது பெரும்பாலும் உறுதி. பத்து நிமிடச் சோதனையில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். விட்டுவிட்டு வருவதற்குத்தான் நான்கைந்து காரணங்கள் போட்டி போடுகின்றன. அதை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் பிடிக்க முடியும்.

முதலில் பேரிங் என்பதும் கனெக்ட் என்பதும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். பேரிங் ஒரு முறை நடப்பது. அப்போது இரண்டு கருவிகளும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பிரதியைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு தினமும் நடப்பது கனெக்ட் மட்டும்: “நீதானா?” “நான்தான், இதோ சாவி.” இரண்டு பிரதிகளும் பொருந்தினால் கதவு திறக்கும். ஒரு பக்கம் மட்டும் சாவி அழிந்தாலோ மாறினாலோ திறக்காது. எந்தச் சாவி எந்தக் கருவிக்கு என்பதை ஹெட்போன் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு புளூடூத் சிப்புக்கும் ஆறு பைட் நீளத்தில் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்கு எதிரே ஒரே ஒரு சாவியை எழுதி வைக்கும்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸும் உபுண்டுவும் பயன்படுத்துவது ஒரே சிப்பை, ஆகவே ஒரே முகவரி. விண்டோஸில் பேரிங் செய்தீர்கள். ஹெட்போன் அந்த முகவரிக்கு ஒரு சாவியை எழுதிக்கொண்டது. அடுத்த நாள் உபுண்டுவில் பேரிங் செய்தீர்கள். ஹெட்போனைப் பொறுத்தவரை அதே லேப்டாப் மறுபடி வந்து புதுச் சாவி கேட்கிறது, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. விண்டோஸுக்கு இது தெரியாது. அது இன்னும் பழைய சாவியோடு வந்து தட்டுகிறது. ஹெட்போன் மறுக்கிறது. திரையில் “சாவி பொருந்தவில்லை” என்று வந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். வருவதோ கனெக்ட் ஆகவில்லை, மறுபடி முயன்று பாருங்கள் என்கிற மொட்டைச் செய்தி. ஹெட்போன் மேல் சந்தேகம் வருவது அதனால்தான். போன் வேறு முகவரி, வேறு சாவி. அதனால் அங்கே ஒரு பிசகும் இல்லை.

சோதனை எளிது. விண்டோஸில் நீக்கிவிட்டுப் புதிதாகப் பேரிங் செய்யுங்கள். உபுண்டு பக்கமே போகாமல் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மூன்று முறையும் தானாகச் சேர்ந்தால், உபுண்டுவுக்குப் போய் அங்கே பேரிங் செய்து, திரும்பி விண்டோஸுக்கு வாருங்கள். இப்போது சேரவில்லை என்றால் காரணம் இதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம்.

தீர்வு இரண்டு வகை. சோம்பலான வழி, நான் பலருக்கும் முதலில் சொல்வது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் (துளையில் சொருகும் சிறு புளூடூத் கருவி) ஒன்றை வாங்கி உபுண்டுவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. டாங்கிளுக்குத் தனி முகவரி என்பதால் தனிச் சாவி; சண்டை முடிந்தது. உபுண்டுவில் உள்ளே இருக்கும் புளூடூத்தை அணைத்துவிட்டு டாங்கிளைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்குப் போகும்போது டாங்கிளைப் பிடுங்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் ரேடியோ இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

செலவில்லாத வழி, இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே சாவியை வைத்திருக்கும்படி செய்வது. வரிசை முக்கியம்: முதலில் உபுண்டுவில் பேரிங், அதற்குப் பிறகு விண்டோஸில் பேரிங். கடைசியாகச் செய்ததன் சாவிதான் ஹெட்போனிடம் இருக்கும், ஆகவே விண்டோஸின் சாவியை எடுத்து உபுண்டுவில் எழுத வேண்டும். விண்டோஸில் பேரிங் முடிந்ததும் ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து உபுண்டுவுக்குப் போங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். உபுண்டுவில் சிஎச்என்டிபிடபிள்யூ என்ற சிறு கருவியை நிறுவி, விண்டோஸ் டிரைவில் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பை அதில் திறங்கள். உள்ளே கன்ட்ரோல்செட்001, சர்வீசஸ், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்று இறங்கினால் லேப்டாப் சிப்பின் முகவரியில் ஒரு கிளை, அதனுள் ஹெட்போன் முகவரியில் ஒரு பதிவு இருக்கும். அதில் தெரியும் 16 பைட்டுகள்தான் சாவி. இடைவெளி இல்லாமல் எழுதினால் 32 எழுத்துகள் வரும். உபுண்டுவில் /வார்/லிப்/புளூடூத் ஃபோல்டருக்குள் அதே இரு முகவரிகளின் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். ஹெட்போன் முகவரி ஃபோல்டரிலுள்ள ‘இன்ஃபோ’ கோப்பில் ‘லிங்க்கீ’ என்ற பகுதிக்குக் கீழே இருக்கும் சாவியை இந்த 32 எழுத்தால் மாற்றி, புளூடூத் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. விண்டோஸ் டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் சொந்தப் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருந்தால், ரெக்கவரி கீ இல்லாமல் உபுண்டுவிலிருந்து திறக்க முடியாது. நீங்கள் எப்போதும் அதைப் போட்டதில்லை என்றாலும் பாருங்கள், விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் அது தானாகவே போடப்பட்டு வருகிறது. அடுத்தது, மேலே சொன்னது வழக்கமான புளூடூத் ஹெட்போனுக்கு. குறைந்த மின்சக்தி வகைப் புளூடூத்தில் சேரும் மவுஸ், கீபோர்டு போன்றவற்றுக்கு ஒரு சாவிக்குப் பதில் நாலைந்து எண்களை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு டாங்கிளே மேல். இன்னொன்று, உதவி கேட்கும்போது அந்த 32 எழுத்தைப் படம் பிடித்துப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சாவியைப் படம் பிடித்துப் போடுவதற்கு ஒப்பு.

சோதனையில் இரண்டு ஓஎஸ் காரணமில்லை என்று தெரிந்தால் அடுத்த சந்தேகம் உங்கள் போன்மேல்தான். ஹெட்போனை ஆன் செய்தவுடன் அது கடைசியாகப் பேசிய கருவியைத் தேடிப் போகும். போன் சட்டைப் பையிலேயே இருப்பதால் முந்திக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே கருவியோடு மட்டும் பேசக்கூடிய மாடல் என்றால், அதன் பிறகு லேப்டாப் எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வராது. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு லேப்டாப்பில் முயன்று பாருங்கள், உடனே சேர்ந்தால் இதுதான். மல்டிபாயின்ட் உள்ள மாடல் இரண்டோடும் ஒரே நேரத்தில் சேரும், ஆனால் அதற்கு அதன் ஆப்பில் ஒரு ஸ்விட்சைப் போட வேண்டியிருக்கும். மல்டிபாயின்டில் வேறொரு தொல்லை: லேப்டாப்பில் பாடம் ஓடும்போது போனில் ஒரு வாட்ஸ்அப் ‘டிங்’ வந்தால் போதும், சத்தம் அந்தப் பக்கம் தாவிவிடும். ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு ‘மீடியா ஆடியோ’வை அணைத்து, ‘போன் கால்ஸ்’ மட்டும் வைத்தால் அழைப்பு வரும், டிங் வராது.

புதிதாகப் பேரிங் செய்வதைப் பலர் பாதியில்தான் செய்கிறார்கள். லேப்டாப்பில் மட்டும் நீக்கிவிட்டு, ஹெட்போனைச் சும்மா ஆன் செய்து தேடுகிறார்கள். ஆன் ஆகியிருக்கும் ஹெட்போன் வேறு, பேரிங் நிலையில் இருக்கும் ஹெட்போன் வேறு. பெரும்பாலான தலைமேல் மாட்டும் ஹெட்போன்களில், அணைந்திருக்கும்போது பவர் பொத்தானை 5 முதல் 7 வினாடி விடாமல் அழுத்த வேண்டும். 2 வினாடியில் “பவர் ஆன்” என்று சொல்லும், அதைக் கேட்டதும் விரலை எடுத்துவிடக் கூடாது. “பேரிங்” என்று குரல் வரும் வரை, அல்லது விளக்கு வேகமாக மின்னும் வரை (நீலமும் சிவப்பும் மாறி மாறி, அல்லது நீலம் மட்டும் இரட்டை இரட்டையாக) பிடித்திருங்கள். சிலவற்றில் புளூடூத்துக்குத் தனிப் பொத்தான் உண்டு. சார்ஜில் போட்டிருந்தால் பல மாடல்களில் புளூடூத் எழவே எழாது. ஆக்ஸ் வயர் சொருகியிருந்தாலும் அப்படியே. இதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் போராடியவர்கள் உண்டு.

முழுச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றால் வரிசை இது: போன், டேப், லேப்டாப் எல்லாவற்றிலும் அந்த ஹெட்போனை நீக்குங்கள். பிறகு ஹெட்போனை ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். இதற்கான பொத்தான் சேர்க்கை மாடலுக்கு மாடல் மாறும், பெரும்பாலும் இரண்டு பொத்தான்களை 10 வினாடி அழுத்துவது, பின்புறப் பொத்தான் உள்ள ஏர்பாட்ஸ் பெட்டியில் மூடியைத் திறந்துவைத்து சுமார் 15 வினாடி. பிறகு முதலில் லேப்டாப், அடுத்து போன். இந்த வரிசையில் செய்தால், லேப்டாப்பில் பேரிங் நடக்கும்போது போன் முந்திக்கொண்டு ஓடாது. ரீசெட் செய்யாமல் விட்டால் ஹெட்போனின் பழைய சாவிப் பட்டியல் அப்படியே இருக்கும். அந்தப் பட்டியலும் சின்னது, பல மாடல்களில் எட்டு கருவி வரைதான். ஒன்பதாவது வந்தால் சத்தமில்லாமல் ஒன்று கழன்றுவிடும். வீட்டில் எல்லார் போனிலும் மாட்டிப் பார்த்த ஹெட்போன் என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் பக்கம் இரண்டு இடம். டிவைஸ் மேனேஜரில் உங்கள் புளூடூத் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்தபின் சேராத லேப்டாப்புகள் பல இதில் சரியாகும். செட்டிங்ஸில் புளூடூத் என்ற ஸ்விட்சே காணாமல் போயிருந்தால் அது வேறு: வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறு கார்டில்தான் இருக்கும், அதில் புளூடூத் பகுதி உள்ளுக்குள் யூஎஸ்பி கருவியாக இணைந்திருக்கும், அது மட்டும் மயங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்தாலும் கார்டுக்கு மின்சாரம் அறுவதில்லை, ஆகவே எழாது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். டிரைவரை நீக்கி நிறுவுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

இனி மீட்டிங். புளூடூத்தில் சத்தம் போக இரண்டு பாதைகள் உள்ளன. பாட்டுக்கானது ஏ2டிபி: ஒருவழிப் பாதை, ஸ்டீரியோ, சாதாரண எஸ்பிசி கோடெக்கிலேயே (கோடெக் என்பது சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) வினாடிக்கு 328 கிலோபிட் வரை. அதில் மைக்குக்கு இடமில்லை. பேச்சுக்கானது எச்எஃப்பி: இருவழி, ஆனால் மோனோ, வினாடிக்கு சுமார் 64 கிலோபிட். பழைய முறையில் ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளந்து எடுக்கும், அதாவது லேண்ட்லைன் போன் தரம். புதிய முறையில் 16,000. பாட்டுக்கு 44,100 என்பதோடு ஒப்பிட்டால் ஏன் கிணறு நினைவுக்கு வருகிறது என்பது புரியும். ஜூமோ டீம்ஸோ ஹெட்போனின் மைக்கைக் கேட்ட அந்தக் கணமே, விண்டோஸ் பாட்டுப் பாதையை மூடிவிட்டுப் பேச்சுப் பாதைக்கு மாறுகிறது. 30,000 ரூபாய் ஹெட்போனிலும் இதே கதைதான். விலையைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

பரிகாரம் மிக எளிது: கேட்பதற்கு ஹெட்போன், பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக். மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும், மைக்ரோபோன் என்ற இடத்தில் லேப்டாப் மைக்கையும் (‘மைக்ரோபோன் அரே’ என்று வரும்) தேர்ந்தெடுங்கள். ‘சிஸ்டம் டீஃபால்ட்’ என்று விட்டுவைத்தால் மறுபடி ஹெட்போனுக்கே தாவும். உங்கள் குரலும் அடுத்தவருக்கு இப்போது இன்னும் தெளிவாகப் போகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபேன் ஓடும் அறை, தெருச் சத்தம் என்றால்தான் ஹெட்போன் மைக் தேவைப்படும். அதற்கும் 300 ரூபாய் வயர் இயர்போன் மைக் மேல் என்பது என் கட்சி.

மீட்டிங் எதுவும் இல்லாமலேயே சத்தம் கிணறாக இருந்தால், ஏதோ ஓர் ஆப் பின்னால் மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரில் மைக் சின்னம் தெரியும். பிரைவசி செட்டிங்ஸில் மைக்ரோபோன் பக்கத்தில் யார் என்று பெயரே வரும். பெரும்பாலும் மூட மறந்த பிரவுசர் டேப். உபுண்டுவில் பாவுகன்ட்ரோல் என்ற கருவியை நிறுவினால் கான்ஃபிகரேஷன் பகுதியில் ஹெட்போன் எந்தப் பாதையில் இருக்கிறது என்று காட்டும். ‘ஹை ஃபிடெலிட்டி பிளேபேக்’ என்பது பாட்டுப் பாதை, ‘ஹெட்செட்’ என்று தொடங்குவது பேச்சுப் பாதை. ஹெட்போன் மைக்கே எனக்கு வேண்டாம் என்பவர்கள் விண்டோஸில் பழைய டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ் பக்கத்தில் ஹெட்போன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிபோனி’ டிக்கை எடுத்துவிடலாம். அதன்பின் அந்த லேப்டாப்பில் அது வெறும் ஹெட்போன், மைக் தெரியாது. ஆறு மாதம் கழித்து “மைக் வேலை செய்யவில்லை” என்று தேடும்போது இதைச் செய்தது நினைவிருக்கட்டும்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்த இரு பாதைப் பிரச்சினை தீர்கிறது, எல்சி3 கோடெக்கில் ஸ்டீரியோவும் மைக்கும் சேர்ந்தே போகும். ஆனால் ஹெட்போன், லேப்டாப் சிப், டிரைவர், விண்டோஸ் பதிப்பு நான்கும் அதற்குத் தயாராக இருந்தால்தான். பெட்டியில் ‘புளூடூத் 5.3’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து எல்இ ஆடியோ இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணுக்கும் இந்த வசதிக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை.

மூன்றாவது, விட்டுவிட்டு வருவது. புளூடூத் 2.402 முதல் 2.480 கிகாஹெர்ட்ஸ் வரை 79 சேனல்களில் வினாடிக்கு 1,600 முறை தாவித் தாவி ஓடுகிறது. கூட்டமான சேனல்களை விலக்கும் புத்தியும் அதற்கு உண்டு, ஆனால் குறைந்தது 20 சேனல்களையாவது பயன்படுத்தியாக வேண்டும். அதே இடத்தில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, மைக்ரோவேவ் அவன், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் குடியிருக்கின்றன. இதோடு யூஎஸ்பி 3 கேபிளும் சேரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. யூஎஸ்பி 3 தகவல் ஓட்டம் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்குகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க், பல துளைகள் உள்ள சி வகை ஹப் ஆகியவைதான் முதல் குற்றவாளிகள். அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். சரியானால், ஹார்ட் டிஸ்கை லேப்டாப்பின் அடுத்த பக்கத் துளைக்கு மாற்றுங்கள். டாங்கிள் வாங்கினால் அதை யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் சொருகாமல் அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

அடுத்து வைஃபை. பெரிய டவுன்லோடு ஓடும்போது மட்டும் பாட்டு திக்கினால், லேப்டாப்பை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், இன்டெல் கார்டுகளில் டிவைஸ் மேனேஜரின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘பிரிஃபர்ட் பேண்ட்’ என்பதை 5 என்று வைக்கலாம். ஒரே கார்டில் வைஃபையும் புளூடூத்தும் ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்று நிறையப் பேசினால் மற்றது காத்திருக்க வேண்டியதுதான்.

தூரத்தையும் அளந்து பாருங்கள். சுவரில்லாத இடத்தில் 5, 6 மீட்டராவது தாங்க வேண்டும். லேப்டாப்புக்கு நேர் எதிரே சரி, நாற்காலியைப் பின்னால் தள்ளினாலே அறுகிறது என்றால் கதை வேறு. கார்டிலிருந்து திரை ஓரம் வரை போகும் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களில் ஒன்று கழன்றிருக்கலாம். ராம் மாற்றியது, ஃபேன் சுத்தம் செய்தது போன்ற சர்வீஸுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சட்டைப் பொத்தான் போல அழுத்தினால் பொருந்தும் சின்னஞ்சிறு முனை அது, கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. கோணலாக அழுத்தினால் நசுங்கும். பழக்கமில்லாதவர் கடையில் கொடுப்பதே நல்லது. உடம்பும் ஒரு தடுப்புதான். நீர் நிறைந்த எதுவும் இந்த அலையை விழுங்கும், போனைப் பின் பாக்கெட்டில் வைத்து நடந்தால் திக்குவது அதனால்.

உபுண்டுவில் மட்டும் திக்குகிறது, விண்டோஸில் இல்லை என்றால் கோடெக்கைப் பாருங்கள். ஹெட்போன் எல்டாக் என்ற உயர்தரக் கோடெக் தெரிந்தது என்றால் உபுண்டு அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது வினாடிக்கு 990 கிலோபிட் வரை கேட்கும், நெரிசலில் தாங்காது. ஏஏசி அல்லது எஸ்பிசிக்கு இறக்கினால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமலே திக்கல் போய்விடும். ஆண்ட்ராய்டிலும் இதே வைத்தியம்தான். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கோடெக் என்ற வரி இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு வேறு தேடலில் வந்து சேர்பவர்களுக்காக இரண்டு வரி. குட்டி இயர்பட்ஸில் ஒரு காது மட்டும் கேட்டால், எல்லாப் போனிலும் நீக்கிவிட்டு, இரண்டையும் பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் ரீசெட் செய்ய வேண்டும். இடதும் வலதும் தங்களுக்குள்ளும் ஒரு ஜோடி என்பதால் அது அறுந்திருக்கும். அதற்கு முன் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் காதழுக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த பஞ்சுக் குச்சி போதும். மலிவான ஹெட்போன் சி–டு–சி கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதன் துளையில் வைத்திருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். அவை இல்லாமல் சி வகைச் சார்ஜர் மின்சாரமே விடாது. ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டால் ஏறும்.

ஹெட்போன்தான் குற்றவாளி என்று சொல்ல ஒரே சாட்சிதான் போதுமானது: வேறு ஒருவரின் லேப்டாப்பிலும், வேறு ஒரு போனிலும், முழுச் சார்ஜில், ரீசெட்டுக்குப் பிறகும் அதே மாதிரி அறுக வேண்டும். நீங்கள் எழுதியதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. மாடல் பெயரை எழுதாததால் உங்களுடையதற்கான ரீசெட் பொத்தான், மல்டிபாயின்ட் உண்டா இல்லையா என்பவற்றை இங்கே துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அதையும், அந்த மூன்று ரீஸ்டார்ட் சோதனையில் என்ன ஆனது என்பதையும், ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கியபோது திக்கல் நின்றதா என்பதையும் கீழே எழுதுங்கள். சாவியை மாற்றும் வேலையில் இறங்கினால், அந்த ‘இன்ஃபோ’ கோப்பை முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.